பின்கட்டுக்கு இரண்டாவது இணைப்பு தேவையில்லை, ஒரு வயர்லெஸ் பிரிட்ஜ் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், தம் வீட்டின் பின்கட்டுக்கு வைஃபை எட்டாததால் அங்கே தனியாக இரண்டாவது பிராட்பேண்ட் இணைப்பு எடுத்துக்கொண்டதாகவும், நீளமான வீடுகளில் குடியிருப்போருக்கு வேறு வழியே இல்லை என்றும் எழுதியிருந்தார். அவருடைய சிரமம் எனக்கு நன்றாகவே புரிகிறது, ஏனெனில் நானும் அதை ஓராண்டு காலம் அனுபவித்தேன். ஆனால் வேறு வழி இல்லை என்ற அவரது முடிவு சரியன்று. அதை நம்பி இன்னும் பலர் மாதந்தோறும் இரண்டு பில் கட்டிவிடக் கூடாதே என்ற கவலையினால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கம்பியில் ஓடும் தொடர்பு எனக்குப் பழகியது என்றாலும், வைஃபையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள பழைய வீடு. அகலம் 18 அடி, நீளம் 110 அடி. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, அதற்கும் பின்னால் பின்கட்டு அறை, பிறகு கிணற்றடி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் அமைப்பு. புதுச்சேரியில் ஈசுவரன் கோயில் வீதிப் பக்கம் உள்ள பழைய தமிழ் வீடுகளும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கின்றன. சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே ரேடியோ அலையையும் தடுத்துவிடுகின்றன. இணைப்புத் தர வருபவர் தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, வாசல் நிலைக்குப் பக்கத்திலேயே மோடம் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். பின்கட்டில் அமர்ந்து அலுவலக வேலை பார்க்கும் என் மருமகளுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே நான்கு சுவர்களும் ஒரு பீரோவும் நின்றன. அவர் பயன்படுத்தும் மேசைக் கணினியிலும் பிரிண்டரிலும் வைஃபை வசதியே கிடையாது, கேபிள் செருகும் துளையான லேன் போர்ட் மட்டும்தான் உண்டு.

இணைப்பில் குறை ஏதும் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். மோடத்தோடு கேபிள் போட்டுச் சோதித்தபோது வினாடிக்கு 94 மெகாபிட் வேகம் வந்தது. வாசல் வரை ஒழுங்காக வந்துவிட்ட இணையத்தைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே எங்கள் பிரச்சினை. இரண்டாவது இணைப்பு எடுப்பது, தெருக்குழாயில் தண்ணீர் நன்றாக வரும்போது, வீட்டுக்குள் குழாய் போடாமல் கொல்லையில் இன்னொரு குழாய்க் கிணறு தோண்டுவதைப் போன்றது.

கடைக்காரர் சொன்னார் என்று நாங்கள் முதலில் வாங்கியது, சுவர் பிளக்கில் செருகி, வைஃபை அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர். அதை அடுக்களையில் மாட்டினோம். கைப்பேசியில் நான்கு கோடுகளும் நிறைந்து தெரிந்தன, வேகமோ 10 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின. அந்தக் கோடுகள் கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள வலுவைக் காட்டுபவை. ரிப்பீட்டருக்கும் மோடத்துக்கும் இடையே அலை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அதோடு, ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே தடத்தில், கேட்கவும் திரும்பச் சொல்லவும் வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. எனவே எவ்வளவு நன்றாக அமைத்தாலும் வேகம் பாதிக்கு மேல் வர வாய்ப்பில்லை. கணினியையும் பிரிண்டரையும் இணைப்பதற்கு அந்தப் பெட்டியில் ஒரு போர்ட்கூட இல்லை என்பது தனிக் குறை.

கம்பி இழுக்க முடிந்த வீட்டில் கம்பிதான் சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தடையின்றி வேலை செய்யும், எங்கள் வீட்டுக்கோ 34 மீட்டரே போதும். ஆனால் பழைய காரைச் சுவர்களைத் துளைக்க வேண்டும், அல்லது முற்றத்தின் மேலாகவும் அடுக்களை ஓட்டின் மேலாகவும் வெட்டவெளியில் கேபிளைக் கொண்டுபோக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் இறங்கும் கடற்கரை ஊர் இது. பக்கத்து வீட்டில் மாடி வழியே போன இப்படியொரு கேபிள், ஒரே இரவில் அதன் இரு முனைகளிலும் இருந்த பெட்டிகளைக் கருக்கியதைப் பார்த்தவள் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் மொட்டைமாடிக் கம்பிகள் என்ன பாடுபட்டன என்பது நம் ஊராருக்கு நினைவிருக்கும்.

எஞ்சியது வயர்லெஸ் பிரிட்ஜ். இதன் வேலை எளியது: வீட்டின் இரு முனைகளில் வைத்த இரண்டு ரௌட்டர்கள் தமக்குள் வைஃபை மூலம் பேசிக்கொள்ளும், பின்கட்டு ரௌட்டரின் லேன் போர்ட்டில் செருகிய கணினியோ பிரிண்டரோ வாசல் மோடத்தில் நேராகச் செருகப்பட்டது போலவே இயங்கும். சுருங்கச் சொன்னால், போட முடியாத கேபிளுக்குப் பதிலாகக் காற்றில் போட்ட கேபிள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பிரிட்ஜ் என்ற ஒரே சொல்லை நம் ஊரில் இரண்டு வேறு பொருள்களில் பயன்படுத்துகிறார்கள், அதனால் நாங்கள் இரண்டு நாட்கள் இணையம் இல்லாமல் தவித்தோம். மோடத்தின் சில அமைப்புகளை மாற்ற வேண்டும், பின்கட்டுக்கு பிரிட்ஜ் போடப் போகிறோம் என்று எங்கள் இணைப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளரிடம் சொன்னேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார், ஆனால் மோடத்தையே பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டார். மோடத்தின் பிரிட்ஜ் மோடு என்பது முற்றிலும் வேறு விஷயம். அந்த நிலையில் மோடம் வெறும் வழிவிடும் பெட்டியாகிவிடும், பிபிபிஓஇ எனப்படும் உள்நுழைவை நாம் வைத்திருக்கும் ரௌட்டர்தான் செய்ய வேண்டும். அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எங்களிடம் தரப்படவே இல்லை. வீடு முழுவதும் இணையம் நின்றது. புகார் எண் வாங்கி, மறுபடி ஒருவர் வந்து பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாட்கள் ஆயின. ஆகவே இதைச் செய்ய விரும்பும் வாசகர்கள் பணியாளரிடம் பேசும்போது, ‘மோடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், எங்கள் ரௌட்டர்கள் இரண்டுக்கும் இடையேதான் வயர்லெஸ் பிரிட்ஜ்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். முந்தைய இணைப்பின்போது வாங்கி, அலமாரியில் சும்மா கிடந்த இரட்டை அலைவரிசை ரௌட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதே தயாரிப்பில் இன்னொன்றை வாங்கினோம். ஒரே தயாரிப்பு என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சாதாரண வைஃபையில் கைப்பேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தகவல் உறையிலும் மூன்று முகவரிகள்தான் இருக்கும்: அனுப்புபவர், இடையில் வாங்கிக்கொள்ளும் ரௌட்டர், கடைசியில் சேர வேண்டியவர். கைப்பேசி தன் கடிதத்தைத் தானே அனுப்புவதால் அதற்கு இது போதும். ஆனால் பின்கட்டு ரௌட்டர், தனக்குப் பின்னால் இருக்கும் கணினிக்காகவும் பிரிண்டருக்காகவும் கடிதம் சுமக்கிறது. எழுதியவர் யார், காற்றில் கொண்டுபோகிறவர் யார் என்று இரண்டையும் உறையில் தனித்தனியே குறிக்க நான்காவது முகவரி ஒன்று வேண்டும். அந்த நான்கு முகவரி முறையைத்தான் ரௌட்டர்களில் டபிள்யூடிஎஸ் என்று குறிப்பிடுகிறார்கள். இதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் செய்து வைத்திருப்பதால், ஒரு தயாரிப்பு மற்றொன்றோடு சேரும் என்று உறுதி கூற முடியாது. சில ரௌட்டர்கள் நான்காவது முகவரி இல்லாமலே, எல்லாக் கடிதங்களிலும் தன் பெயரையே போட்டுச் சமாளித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட அமைப்பில் இணையம் வந்துவிடும், ஆனால் முன்கூடத்துக் கணினியிலிருந்து பின்கட்டு பிரிண்டரைத் தேடினால் கிடைக்காமல் போகும் தொல்லைகள் வரலாம்.

முதல் ரௌட்டரைக் கூடத்தில் வைத்து, மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குச் சிறு கேபிள் கொடுத்தோம். வெளி இணையத்துக்கென உள்ள வான் (WAN) போர்ட்டில் செருகினால் அது தனி வலையமைப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், எங்களுக்கு அது வேண்டாம். அடுத்தது ஐபி முகவரி, அதாவது வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு பெட்டியையும் அடையாளம் காட்டும் எண். மோடம், ரௌட்டர்கள் ஆகிய மூன்றுமே கடையிலிருந்து வரும்போது 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்திருந்தன. மோடத்தை அப்படியே விட்டு, கூடத்து ரௌட்டருக்கு 192.168.1.2 என்றும் பின்கட்டு ரௌட்டருக்கு 192.168.1.3 என்றும் மாற்றினோம். வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்ற பணியை மோடம் மட்டும் செய்யும்படி விட்டு, இரண்டு ரௌட்டர்களிலும் அதை நிறுத்திவிட்டோம். பலரது வீட்டில் பிரிட்ஜ் தடுமாறுவது இந்த ஒரு கவனக்குறைவால்தான் என்பேன். முகவரி வழங்குபவர் இருவர் இருந்தால், காலையில் வேலை செய்த கைப்பேசி மாலையில் தவறான வாசலைத் தேடிக்கொண்டு நிற்கும், ஏன் என்று கண்டுபிடிப்பது மிகவும் கடினம். மாறாக, கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு முகவரி தர யாருமே கிடைக்கவில்லை, அதாவது பிரிட்ஜ் இணையவில்லை என்று பொருள்.

பிரிட்ஜுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கினோம். 2005 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸும், 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பின் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியும் நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தத் தக்கவை. பின்கட்டுக் கைப்பேசிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸைத் தனியாக விட்டோம். இரண்டுக்கும் ஒரே அலைவரிசையைக் கொடுத்தால் நான் முன்னே சொன்ன ரிப்பீட்டர் குறை அப்படியே திரும்பி வந்துவிடும். சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்தி 5 கிகாஹெர்ட்ஸில் 36 என்று நிலையாக வைத்தோம், ஏனெனில் ஒரு முனை தன்னிச்சையாகச் சேனலை மாற்றிக்கொண்டால் பிரிட்ஜ் என்ற பாலம் அறுந்துபோக இடம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. எங்கள் தெருவில் 6 ஏற்கெனவே நெரிசலாக இருந்ததால் 11ஐ எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பழைய வீடுகளைக் குறை சொல்லிக்கொண்டே வந்த எனக்கு, கடைசியில் கைகொடுத்தது அந்த வீட்டின் முற்றமே என்பதை மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். முன்னது சுவரில் விரைவாகத் தளர்ந்துவிடும், வெட்டவெளியில் நன்றாகவே போகும். கூடத்து ரௌட்டரை முற்றத்தைப் பார்த்த தூணருகே உயரத்தில் வைத்து, மற்றதை அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் இடையிலுள்ள சன்னல் மாடத்தில், முற்றத்தின் வழியாக ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தோம். இடையில் எஞ்சியது ஒரே ஒரு சுவர், அதிலும் சன்னல் திறப்பு. குச்சி வடிவ ஆன்டெனாக்கள் பக்கவாட்டில்தான் அலையைப் பரப்புகின்றன என்பதால் இரு முனைகளிலும் அவற்றைச் செங்குத்தாக நிறுத்தினோம். மழைக்காகச் சிலர் முற்றத்தின் மேல் துத்தநாகத் தகடு போடுகிறார்கள், அது தலைக்கு மேலே இருக்கும் வரை கவலையில்லை. ஆனால் இரும்பு பீரோவோ, பெரிய நிலைக்கண்ணாடியோ, தண்ணீர்த் தொட்டியோ பாதையின் குறுக்கே இருக்கக் கூடாது. மழை பெய்தால் பாலம் அறுந்துவிடுமா என்று என் தம்பி கேட்டார். வீட்டுக்குள் உள்ள இந்தக் குறுகிய தூரத்துக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் இறுதியில், புதுச்சேரியில் ஒரு நாளைக்குள் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய அந்த நேரத்திலும், மின்சாரம் இருந்தவரை எங்கள் பாலம் அறாமல் வேலை செய்தது. மின்சாரம் போனால் இரு முனைகளுக்கும் மோடத்துக்கும் தனித்தனியே 12 வோல்ட் சிறு யுபிஎஸ் தேவைப்படும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமைப்புகளைச் செய்யும்போது இரண்டு ரௌட்டர்களையும் மேசை மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல வழி, கேபிள் வழியாகவே எல்லாவற்றையும் திருத்திவிட்டுப் பிறகு ஒன்றைப் பின்கட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் பிரிட்ஜ் இணைந்த பிறகும் இரண்டுக்கும் இடையே இருந்த கேபிளை நான் எடுக்க மறந்துவிட்டேன். ஒரே தகவல் கேபிளில் போய்க் காற்றில் திரும்பி, மறுபடி கேபிளில் போய் என்று ஓயாமல் சுற்றத் தொடங்கியதும் வீட்டின் மொத்த வலையமைப்பும் உறைந்துபோனது. கேபிளைப் பிடுங்கிய மறுகணமே சரியாகிவிட்டது. காற்று வழியோ கேபிள் வழியோ, ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் தளர்வே கூடாது. பழைய ரௌட்டர்கள் சிலவற்றில், டபிள்யூடிஎஸ் பயன்படுத்தினால் வெப் (WEP) என்ற பழைய வைஃபை பூட்டு மட்டுமே வேலை செய்யும், அல்லது பூட்டே இல்லாமல் விட வேண்டியிருக்கும். வெப் பூட்டை உடைக்கும் முறை 2001லேயே வெளியாகிவிட்டது. அத்தகைய ரௌட்டரை இவ்வேலைக்குப் பயன்படுத்தாமல் விடுவதே மேல். இரு முனைகளிலும் டபிள்யூபிஏ2 என்ற பிந்தைய பூட்டு, ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையோடு இருப்பது குறைந்தபட்சம், இரண்டிலும் அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. 2008ஆம் ஆண்டு அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் பூட்டாமல் வைத்திருந்த வைஃபை வழியாகவே போயிருந்தது. அவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது பின்கட்டுக் கணினியில் 70 மெகாபிட்டுக்குக் குறையாமல் வருகிறது. நாங்கள் புதிதாக வாங்கியது ஒரே ஒரு ரௌட்டர், அதன் விலை இரண்டாவது இணைப்புக்குக் கட்ட வேண்டிய நான்கைந்து மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிட்டது. மெஷ் என்ற பெயரில் விற்கும் பெட்டிகளும் ஏறத்தாழ இந்த வேலையைத்தான் தாமாகச் செய்துகொள்கின்றன. பணம் செலவிட முடிந்தவர்கள் வாங்கலாம், ஆனால் லேன் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என் மனத்தில் தங்கியிருக்கும் குறை, மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லைப் பற்றியது. எங்கள் வீட்டு மோடம் எந்த எண் முதல் எந்த எண் வரை முகவரி வழங்குகிறது என்று பார்க்கவும், அதன் வைஃபை சேனலை மாற்றவும் எனக்கு அக்கடவுச்சொல் தேவைப்பட்டது. வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று இணைப்பு நிறுவனத்தில் பதில் சொன்னார்கள். ஆறு முறை தொலைபேசியில் பேசியும், நேரில் அலுவலகம் சென்றும், எனக்குக் கிடைத்தது அலுவலகப் பணியாளர் ஒருவர் தாமாக இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்த வரம்பு மட்டுமே: 100 முதல் 200 வரை. நான் வைத்த 2, 3 என்ற எண்கள் அதற்கு வெளியே இருந்ததால் தப்பித்தேன். மாதக் கட்டணம் செலுத்தி, தன் வீட்டுச் சுவரில், தன் மின்சாரத்தில் ஓடும் ஒரு பெட்டியின் முகவரி வரம்பைக்கூடப் பார்க்க முடியாமல் வாடிக்கையாளர் நிற்பது நியாயமாகாது.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாக, நம் பகுதியில் சேவை வழங்கும் இணைப்பு நிறுவனங்களுக்கும் கேபிள் வழி இணையம் தரும் உள்ளூர் ஆபரேட்டர்களுக்கும் என் வேண்டுகோளை வைக்கிறேன். இணைப்புத் தரும் நாளிலேயே மோடத்தின் முகவரி, நிர்வாகக் கடவுச்சொல், பிபிபிஓஇ விவரம், முகவரி வரம்பு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டின் நீளத்தைக் கேட்டு, பெட்டியை வாசலில் மாட்டாமல் கூடம் வரையேனும் கண்ணாடி இழைக் கேபிளை உள்ளே கொண்டுவாருங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்துவதில்லை, அதோடு ஒட்டி வரும் எஃகுக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டிவிட்டால் போதும், அதற்கு ஆகும் சில மீட்டர் இழையின் செலவை நாங்கள் மகிழ்ச்சியோடு தருவோம். மஞ்சக்குப்பத்து அன்பர் தம் இரண்டாவது இணைப்பின் ஒப்பந்தக் காலம் முடியும் முன் இக்கடிதத்தைப் படிப்பாரானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒதுக்கி, இரவலாக இரண்டு ரௌட்டர்களை வாங்கியேனும் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.